மூடிய பெட்டியும் பழகிய கையும்

பழைய வண்ணாரப்பேட்டையில், இரண்டு கார்களை நிறுத்தினாலே நிரம்பிவிடும் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஸ்பேனர்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் எல்லோர் கைக்கும் எட்டும்படி சுவர்ப்பலகையில் மாட்டியிருக்க, ஒரே ஒரு கருவி மட்டும் மேசை இழுப்பறையில் துணி சுற்றிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். காரின் கணினியில் பதிவாகும் பிழைக்குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் அது. அங்கே வேலை பழகும் பையன்கள் என்ஜினையே இறக்கி ஏற்றுவார்கள். ஆனால் அந்த இழுப்பறையின் சாவி முதலாளியின் இடுப்பில்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு என் காரின் டேஷ்போர்டில், என்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியின் ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முதலில் கொண்டுபோன பெரிய சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேன் செய்து, பி0420 என்ற குறியீடு வருகிறது, ஆகவே புகையிலுள்ள நஞ்சுகளை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். வண்ணாரப்பேட்டை ஷெட்டிலும் அதே குறியீடுதான் வந்தது. ஆனால் அங்கே அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்த மெக்கானிக், புகைக்குழாய் இணையும் இடமொன்றில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கருகிக் கசிவு ஏற்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இருநூறு ரூபாய்க்குள் அடங்கிய ஒரு வளையத்தை மாற்றியதும் விளக்கு அணைந்தது. "எரர் கோடு என்னா சொல்லுதுன்னா, இந்தப் பக்கம் வந்து பாருன்னு சொல்லுது. இதைக் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டுன்னு அது சொல்லவே இல்ல சார்" என்றார்.

நவீனத் தொழில்நுட்பம் கார்களையும் பொழுதுபோக்குகளையும் அளவுக்கு மீறிச் சிக்கலாக்கிவிட்டதா என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும், "அந்தக் காலத்து வண்டி போல வருமா" என்ற பதில்தான் முதலில் வரும். என் காரில் எரிந்த அந்த ஒற்றை விளக்கைப் பின்தொடர்ந்து போனால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. கன்வெர்ட்டர் ஏன் வந்தது, அதற்காகக் கணினி ஏன் வந்தது, கணினி சொல்வதைப் படிக்கத் தனிக் கருவி ஏன் தேவைப்பட்டது, அந்தக் கருவி ஏன் எல்லா ஷெட்டுகளுக்கும் கிடைப்பதில்லை என்று நான்கு கேள்விகள் அதில் இருக்கின்றன. முதல் மூன்றுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. நான்காவதற்கு அப்படி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வடசென்னைக்கு என்ஜின் புதிய பொருள் அல்ல. 1948 இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகம் பாகமாக இணைத்து விற்றது. 1955 இல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955 இல், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரைப் புல்லட்டின் ஊராக மாற்றியது. இந்த ஆலைகளுக்கும் பெரம்பூர் இரயில் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருந்ததால், ஒரு வண்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது இப்பகுதியில் தனித்திறமையாக எண்ணப்பட்டதே இல்லை.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருந்தது. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரெஷன் நெம்பை இடது கையில் தயாராக வைத்துக்கொண்டு, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும்போது அழுத்துவதை நிறுத்தி, நெம்பை ஒரு கணம் பிடித்து பிஸ்டனை மேல்முனையிலிருந்து சற்றே நகர்த்திவிட்டு, பிறகு முழு உடல் எடையோடு ஓர் உதை. தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். முள் ஏன் நடுவில் நிற்கிறது என்பதற்கான காரணமும் ஒளிவுமறைவு இல்லாதது. தீப்பொறிக்கான சுவிட்சான காண்டாக்ட் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் ஓடுவதால் முள் ஒரு பக்கம் சாய்கிறது. பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் நின்று முள் நடுவுக்குத் திரும்புகிறது. என்ஜினின் உள்நிலையை அறிய ஒரு முள்ளும் அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் போதுமாயிருந்தன.

இவ்வளவு வெளிப்படையான இயந்திரத்தைக் கைவிட்டதற்குக் காரணம் என்ஜினுக்குள் இல்லை, சைலன்சரின் வாயில் இருக்கிறது. என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து விற்கப்பட்ட காலம் அது. புகையோடு வெளியேறிய ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஈயம் தவிர கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவையும் வெளியேறின. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் வழியாகப் புகையைச் செலுத்தி, இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வேலை. ஈயம் படிந்தால் அந்தப் பூச்சு செத்துவிடும் என்பதால், கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் சேர்ந்தேதான் வர முடியும். உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் இரண்டும் சேர்ந்து வந்தன. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது.

கணினி நுழைந்த வாசல் இதுதான். கன்வெர்ட்டர் மூன்று நஞ்சுகளையும் சேர்த்து அழிப்பதற்கு, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் கலவை எரிய வேண்டும். பெட்ரோல் சற்று மிகுந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கிவிடும். காற்று சற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் தப்பிவிடும். உறிஞ்சும் காற்றின் வேகத்தை நம்பி, ஒரு துளை வழியாகப் பெட்ரோலைக் கசியவிடும் கார்ப்ரேட்டருக்கு அந்தத் துல்லியம் வசப்படாது. காலைக் குளிரில் ஒரு கலவை, உச்சி வெயிலில் வேறொரு கலவை என்று அது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் சென்சார் ஒன்றைப் பொருத்தி, அது சொல்வதைக் கேட்டு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடிக்குப் பலமுறை திருத்தும் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. 1976 இல் வால்வோ கார் ஒன்றில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அந்தச் சென்சார், இன்று வண்ணாரப்பேட்டையில் ஓடும் ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இருக்கிறது.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் வைத்து, கன்வெர்ட்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும் கடமையும் பிறகு சேர்ந்தது. என் காரில் கேஸ்கெட் ஓட்டை வழியே உள்ளே புகுந்த வெளிக்காற்றைத்தான் அந்தப் பின் சென்சார் ஆக்சிஜன் என்று கணக்கிட்டு, கன்வெர்ட்டர் களைத்துவிட்டது என்ற தவறான முடிவுக்குக் கணினியைக் கொண்டுபோயிருந்தது. கணினி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த அளவில் அது சொன்ன சந்தேகத்தை, சர்வீஸ் நிலையம் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

2020 ஏப்ரல் 1 அன்று நான்காம் நிலையிலிருந்து நேராக ஆறாம் நிலைக்கு, இடையில் ஐந்தைத் தாண்டி, வாகனப் புகைக்கான பாரத் தர விதிகள் தாவியபோது இந்தச் சங்கிலி இன்னும் நீண்டது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலையும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. மணலிக் காற்றை மூச்சில் இழுத்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்களின் பொருளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கல் யாரோ பொறியாளர் தன் திறமையைக் காட்டுவதற்காகச் சேர்த்தது அல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், கார்களுக்குக் காற்றுப்பை எனப் பாதுகாப்புக்காக வந்தவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றால் வயரிங் பெருத்தது, உயிர்களும் பிழைத்தன.

பழைய வண்டியைப் புகழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது எளிமையாக இருந்தது. ஆனால் ஓயாமல் கையை எதிர்பார்த்தது. பாயிண்ட் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும், கார்ப்ரேட்டரில் கசடு சேரும், மழைநாள் காலையில் அம்பாசடரைத் தள்ளுவதற்கு அண்டை வீட்டாரை எழுப்ப வேண்டியிருக்கும். இன்றைய சிறு கார் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸுக்குப் போய்வந்தால் இடையில் பானெட்டைத் திறக்கும் தேவையே பெரும்பாலும் வருவதில்லை. ஓட்டுவது எளிதாகிவிட்டது. பழுது அரிதாகிவிட்டது. அரிதாக வரும் அந்தப் பழுது மட்டும், சாலையோரத்தில் தீர்க்க முடியாததாக மாறிவிட்டது. ஒருவர் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பட்ட தொல்லையை, இன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை மூன்று நாட்களாகவும் முப்பதாயிரம் ரூபாயாகவும் சேர்த்துப் படுகிறார் என்று சொன்னால் மிகையாகாது. கூட்டிப் பார்த்தால் மொத்தத் தொல்லை குறைந்திருக்கலாம், ஆனால் அந்த மூன்று நாட்களில் அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

வடசென்னையின் நிலமும் காற்றும் இந்தப் பெட்டிகளுக்கு நல்ல நண்பர்கள் அல்ல. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்கரையை ஒட்டித் தெருவில் நிற்கும் வண்டிகளில், உப்புக்காற்று வயரிங் இணைப்புகளின் செப்புக் கால்களில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்து, சென்சாரிலிருந்து வரும் சிறு மின்னழுத்தத்தைக் குழப்பிவிடும். சென்சார் போய்விட்டது என்று மாற்றப்படும் பலவற்றில் உண்மையில் போனது அந்த இணைப்புதான் என்று ஷெட்டில் அடிக்கடி சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருக்கும். பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துக் காயவைத்து, ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றிச் சுற்றிவிட்டால் பிழைக்க வாய்ப்பு இருந்தது. புதிய வண்டியில் இருக்கைக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் செல்லும் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நனைந்துவிட்டால், வெளியே உலர்ந்து பளபளக்கும் வண்டி ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காரணமே இல்லாமல் நிற்கும்.

டீசல் வண்டிகளின் கதை இன்னும் விரிவாகப் பார்க்கத் தகுந்தது, ஏனெனில் ஒரு தொழில்நுட்பம் எந்தச் சாலையை மனத்தில் வைத்து உருவானதோ அந்தச் சாலை இங்கே இல்லை. ஆறாம் நிலை டீசல் கார்களின் புகைக்குழாயில், கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு; ஷெட்டில் அதை டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் கால்மணி நேரம் ஓடினால் அந்த வேலை ஓட்டுபவர் அறியாமலே முடிந்துவிடும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கும் திரும்பவும் என்று, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து தினம் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் அந்த வெப்பம் எழுவதே இல்லை. கணினி கூடுதல் டீசலைச் செலுத்திச் சூடேற்றத் தொடங்கும். பாதியில் வண்டி நிறுத்தப்படும். எரியாத டீசல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கு ஷெட்டில் தரும் மருந்து எளிமையானது: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய், குறைந்த கியரில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். பலருக்கு அதுவே போதுமாகிவிடும். இவ்வளவையும் வாங்கும்போதே, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு இன்னொரு பாடு. நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிப்பதற்காக 32.5 விழுக்காடு யூரியா கலந்த கரைசல் ஒன்றைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டும். தொட்டி காலியானாலோ கரைசலின் தரம் தாழ்ந்தாலோ கணினி என்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். சரக்கேற்றிய லாரியில் அது விளையாட்டல்ல. சென்சாரை ஏமாற்றிக் கரைசல் இருப்பதாக நம்பவைக்கும் சிறு பெட்டிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. சட்டப்படி குற்றம், அந்தச் சாலையோரம் வாழ்பவர்களுக்குச் செய்யும் துரோகமும்கூட. ஆயினும், பயன்படுத்துபவருக்கு விளங்காத சிக்கல் எங்கே திணிக்கப்படுகிறதோ அங்கே அதை ஏமாற்றும் தொழிலும் கூடவே முளைப்பதை இது காட்டுகிறது.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. தொடுதிரைக்கு வரும்போது காரணம் மெலிந்துவிடுகிறது. ஏசியின் வேகத்தைக் கூட்டுவதற்குத் திருகு ஒன்றைத் தடவித் திருப்பிய கை, இன்று கண்ணையும் சாலையிலிருந்து இழுத்துக்கொண்டு திரைக்குப் போக வேண்டியிருக்கிறது. 2022 இல் ஸ்வீடனின் வாகன இதழ் ஒன்று, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி நான்கு எளிய பணிகளைச் செய்வதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தது. பொத்தான்கள் கொண்ட 2005 ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 நொடிகள் ஆயின. தொடுதிரை கொண்ட புதிய கார்களில் மிக மோசமான ஒன்றில் 44.9 நொடிகள் ஆயின. அதற்குள் அந்தக் கார் ஏறத்தாழ 1,400 மீட்டர் போயிருந்தது. பல பொத்தான்களுக்கும் அவற்றின் வயர்களுக்கும் ஆகும் செலவைவிட ஒரு திரை மலிவாக முடிகிறது என்பது தயாரிப்பவருக்கு இலாபம். ஷோரூமில் பெரிய திரை கண்ணைக் கவர்கிறது என்பது விற்பவருக்கு இலாபம். ஓட்டுபவருக்கு என்ன இலாபம் என்பது தெரியவில்லை.

கடலில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்திய தொடுதிரை அமைப்பு மாலுமிகளைக் குழப்பியது விசாரணையில் வெளிவந்ததும், கையால் தள்ளும் பழைய நெம்புகளுக்கே திரும்ப அக்கடற்படை முடிவு செய்தது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இன்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ இல்லாத கார்களுக்கு முழு மதிப்பெண் கிடைக்காதபடி விதியை மாற்றியிருக்கிறது. காரணமில்லாமல் வந்த சிக்கலைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு இவை சான்று.

இனி நான்காவது கேள்வி. வண்ணாரப்பேட்டை ஷெட்டின் ஸ்கேனர் எல்லாக் குறியீடுகளையும் படிக்காது. என்ஜின், புகை தொடர்பான பொதுக் குறியீடுகளைப் படிக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் குறியீடுகளில் பாதிக்கு மேல் அதற்கு விளங்காது. தொலைந்த சாவிக்குப் பதில் புதிய சாவியைப் பதிவது, மாற்றிய கட்டுப்பாட்டுப் பெட்டியை வண்டியோடு இணைப்பது போன்றவற்றுக்கு நிறுவனத்தின் மென்பொருளும் அதற்கான உரிமமும் வேண்டும். ஸ்பேனரை ஒருமுறை வாங்கினால் மகன் காலத்துக்கும் வரும். இந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்டணம். ஆகவேதான் அது இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. பையன்கள் அதைத் தொட்டுப் பழக முடியாமல் போவதால், அடுத்த தலைமுறை மெக்கானிக்கின் கைக்கு என்ஜின் வருகிறது, அதன் மூளை வருவதில்லை.

இது வடசென்னை ஷெட்டுகளின் தனிப் புலம்பல் அல்ல. உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளி ஷெட்டுகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பயிற்சி இல்லாதவர்கள் கைவைத்தால் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. பாகங்களும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், வாகனங்களையும் உள்ளடக்கி நான்கு துறைகளுக்கான இணையத்தளம் ஒன்றும் திறக்கப்பட்டது. அதில் நிறுவனங்கள் தகவல்களைத் தரலாம். தராதவர்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது அமையவில்லை. மின்சார வண்டிகள் பெருகும்போது இந்தப் பிரச்சினை கூர்மையாகும். மின்மோட்டாரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. இயந்திரமாகப் பார்த்தால் அது பழைய புல்லட்டைவிடவும் எளிது. ஆனால் பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பெட்டி முழுதும் மூடியது. எளிமையான வண்டியையும் திறக்க முடியாததாகச் செய்துவிடலாம் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பொழுதுபோக்குகளுக்கு வருவோம். இங்கே அளவுகோலே வேறு, அதைக் கவனிக்காமல் காரையும் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் வைப்பதால்தான் குழப்பம் வருகிறது. காரை வைத்திருப்பவருக்கு வேண்டியது போய்ச் சேர்வது. இடையில் வரும் வேலை தொல்லை. பொழுதுபோக்கில் இடையில் வரும் வேலைதான் சரக்கு. முன்பு சொன்ன பழைய புல்லட்டே இதற்குச் சாட்சி. இன்ஜெக்டரும் செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்த புதிய புல்லட்டில் அலுவலகம் போகிறவர்களில் சிலர், ஞாயிற்றுக்கிழமையில் மாமாவோ தாத்தாவோ விட்டுப்போன வார்ப்பிரும்பு என்ஜினைத் திறந்து பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டாயமாக இருந்தவரை தொல்லையாகத் தெரிந்த அதே வேலை, கட்டாயம் நீங்கியதும் இன்பமாகிவிட்டது. புதிய வண்டியின் சிக்கல்தான் பழைய வண்டியின் எளிமையைப் பொழுதுபோக்காக்கியது என்று சொன்னாலும் பொருந்தும்.

கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இந்த வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் சிமெண்ட் தொட்டியும், கப்பி மீனும், உயிர்ப்புழுவும், ஒரு காற்றுக் குழாயும் இருந்தால் மீன் வளர்ப்பு தொடங்கிவிடும். இன்று கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், கேனிஸ்டர் ஃபில்டர், கைப்பேசிச் செயலியால் நிறம் மாறும் எல்இடி விளக்கு என்று அடுக்கடுக்காக விற்கப்படுகின்றன. தண்ணீருக்கடியில் ஒரு சோலையையே வளர்க்க விரும்புபவருக்கு இவை உண்மையிலேயே புதிய வாசல்களைத் திறந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் மாதத்தில் மீன்கள் செத்துப்போவது அன்றும் இன்றும் ஒரே காரணத்தால்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். எந்தச் செயலியும் அதை நான்கு நாளாக்குவதில்லை. பொறுத்திருக்கத் தெரியாதவருக்கு விலை உயர்ந்த விளக்கின் கீழேயும் மீன் மிதக்கும். செயலியை நிறுவனம் கைவிட்டுவிட்டால் நல்ல விளக்கும் ஒரே நிறத்தில் எரியும் வெறும் பல்பாகிவிடும் என்பது இக்காலத்துக்கே உரிய கூடுதல் தொல்லை.

கேரம் பலகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 74 சென்டிமீட்டர் சதுரம், ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, கொஞ்சம் போரிக் பவுடர். கைப்பேசியில் கேரம் விளையாட்டுகள் வந்த பிறகும் வடசென்னையின் மன்றங்களில் பலகைக்கு மேலே குண்டு விளக்கு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கிருந்து போன கேரம் வீராங்கனை காசிமா, 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கங்களையும் வென்றதும் இதே பலகையில்தான். சிக்கலாக்க வாய்ப்புக் கிடைத்தும் சிக்கலாகாத பொருள்களும் உண்டு.

பந்தயப் புறா அப்படி அல்ல. தொழில்நுட்பம் அதற்குள் ஆழமாக நுழைந்து நன்மையும் செய்திருக்கிறது. தொலைதூர ஊரிலிருந்து ஒரே நேரத்தில் திறந்துவிடப்படும் ஹோமர் புறாக்கள் அவரவர் மொட்டைமாடிக் கூண்டுக்குத் திரும்புகின்றன. கூண்டுகள் வெவ்வேறு தெருக்களில் இருப்பதால், முதலில் வந்தது வென்றது என்று சொல்ல முடியாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட வேண்டும். 500 கிலோமீட்டர் பந்தயத்தில் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வரும் புறாவுக்கு, கூண்டின் இடத்தைக் குறிப்பதில் 500 மீட்டர் பிழை நேர்ந்தால் ஏறக்குறைய 25 நொடி வேறுபடும். அடுத்தடுத்த இடங்களை மாற்றிவிட அதுவே போதும். வரைபடத்தில் அளந்த காலத்தில் இது தீராத சண்டை. ஜிபிஎஸ் வந்ததும் தீர்ந்தது. புறாவின் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி, பூட்டிய கடிகாரத்துக்குள் போட்டு நெம்பை அழுத்திய முறைக்குப் பதிலாக, சிப் பொதிந்த வளையம் வாசல் பலகையைக் கடந்தவுடன் நேரத்தைத் தானே பதியும் முறையும் பந்தய உலகில் வந்துவிட்டது. இவை எவையும் புறா வளர்ப்பவரின் இன்பத்தைப் பறிக்கவில்லை, ஏனெனில் கணக்குப் போடுவதற்காக யாரும் புறா வளர்ப்பதில்லை.

சிப் பொதிந்த வளையத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: புறா கூண்டுக்குள் கால் வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருக்கும் நிமிடங்களும் பந்தயக் கணக்கில் சேரும். அப்போது மொட்டைமாடியில் நிற்பவர் பழைய பால்பவுடர் டின்னில் தானியத்தைப் போட்டுக் குலுக்குவார், சீட்டியடிப்பார், பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபடியும் குலுக்குவார்.